முன்னாள் வீரர்களிடம் அந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடிநாளையொட்டி உங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். காலை இழந்தவர், பார்வையை இழந்தவர், சியாச்சின் பனியில் விரல்களைப் பறிகொடுத்தவர் என்று பலரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்திருந்தீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்து, வருடக்கணக்கில் ராத்திரித் தூக்கம் இல்லாமல் கிடக்கிற ஒருவர்கூட அந்தப் பக்கத்தில் இல்லை. அப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறவள் என்பதால் எழுதுகிறேன். போரில் பட்ட அதிர்ச்சி மனதைவிட்டுப் போகாத இந்த நோயை மருத்துவர்கள் பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். கடிதம் நீளமாகிவிட்டது. சுருக்க வேண்டியிருந்தால் சுருக்கிக்கொள்ளுங்கள். முன்னாள் வீரர்களிடம் மனநலம் பற்றி ஐந்து கேள்விகள் கேட்கச் சொல்லிக் கடைசியில் எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற நடுநிலைப்பள்ளி ஆசிரியை. வேலூர் மாவட்டம், கணியம்பாடிப் பக்கம். கம்மவான்பேட்டையைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். எங்கள் சுற்றுவட்டாரம் முழுக்கவே ஏறக்குறைய அப்படித்தான். என் வீட்டுக்காரர் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். 1987-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு, யாழ்ப்பாணம் போனார். கண்ணிவெடி தேடி எடுக்கிற வேலை. அப்புறம் காஷ்மீரிலும் இருந்தார்.

அவர் ஸ்கூட்டரில் போகும்போது வழியில் சிறுபாலம் வந்தால் நிறுத்துவார். இறங்கி, இரண்டு பக்கமும் குனிந்து குழாய்க்குள்ளே பார்ப்பார். பிறகுதான் வண்டியை எடுப்பார். அங்கே சாலைகளில் சிறுபாலத்துக்கு அடியில்தான் வெடிமருந்தைத் திணித்து வைத்திருப்பார்களாம்; அவருக்கு முன்னால் போன வண்டி ஒன்று அப்படித்தான் போயிற்று. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி மூடினார்கள். அந்தப் புது மண் மழையில் இறுகி, தெரு பழையபடி ஆகும்வரை அவர் வாசலைத் தாண்டவில்லை. பால் பாக்கெட் வாங்கக்கூடப் போகவில்லை. அக்கம்பக்கத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘மிலிட்டரிக்காரர் இல்லையா, வீம்பு இருக்கத்தானே செய்யும்’ என்றார்கள். கோபம் வந்தாலும் மிலிட்டரிக்காரர், குடித்தாலும் மிலிட்டரிக்காரர், யாரோடும் பேசாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தாலும் மிலிட்டரிக்காரர். என் மாமியார் மட்டும் காத்துக்கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று உணர்ந்த ஒரே ஆள் அவர்தான்.

பணியில் இருந்த காலத்தில் இவ்வளவு தெரியவில்லை. காலையில் பி.டி., பிறகு ரோல் கால், சுற்றிலும் அதையெல்லாம் கூடவே பார்த்த ஆட்கள். அந்த ஒழுங்கு அவரைத் தாங்கிப் பிடித்திருந்தது. ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகுதான் எல்லாம் அவிழ்ந்துகொண்டது. இப்படித் தாமதமாக வெளிவருவது பலருக்கும் நடப்பதுதான் என்று பின்னால் மருத்துவர் சொன்னார்.

ஒன்றை அவர் எனக்குச் சொல்லப் பல காலம் ஆயிற்று. தமிழ் தெரிந்தவர் என்பதால் வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது அதிகாரிகள் இவரையும் மொழிபெயர்க்கக் கூட்டிப் போவார்கள். ஒரு வீட்டில் ஒரு பையனைப் பிடித்து வெளியே இழுத்தபோது அந்த வீட்டுப் பாட்டி இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, ‘தம்பி ராசா, நீயும் தமிழ்ப் பிள்ளையெல்லோ, இவையளுக்குச் சொல்லு’ என்று கதறியிருக்கிறார். இவர் சொல்லிப் பார்த்தார். வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பையன் என்ன ஆனான் என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. கூடப் போன மற்றவர்களுக்கு அந்தப் பாட்டியின் அழுகை மட்டும்தான் கேட்டது. இவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கண்ணிவெடியைவிட இதுதான் அவரை அதிகம் தின்றது என்று நான் நினைக்கிறேன்.

நான் சில காலம் வேலை பார்த்த பள்ளியில் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து பிள்ளைகள் படித்தார்கள். ஒருநாள் என்னை அழைத்துப் போக இவர் வந்திருந்தார். பள்ளி வாசலில் ஒரு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆச்சி என்னிடம், ‘டீச்சர், இவன் வடிவாப் படிக்கிறானோ?’ என்று கேட்டார். சாதாரண விசாரிப்பு. நான் பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் ஸ்கூட்டர் இல்லை. அன்று அவர் வீட்டுக்கு வரும்போது நடுராத்திரி. எங்கே போனீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிப் பக்கமே அவர் வரவில்லை.

அங்கே மக்களுக்கு நடந்ததை மறைத்துவிட்டு எங்கள் வலியை மட்டும் பேச நான் வரவில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்து, மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். அந்தக் குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் எங்கள் துயரம் சிறியது. சிறியது என்பதற்காக அது இல்லை என்று ஆகிவிடாது.

சரி, மருத்துவம் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். முதலில் போனது இதய மருத்துவரிடம். நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், கை வியர்த்துவிடும். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தார்கள், எல்லாமே நார்மல். ‘ஒன்றும் இல்லை, டென்ஷனைக் குறையுங்கள்’ என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பட்டாளத்தில் இருந்தீர்களா, எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மகள் செவிலியர். அவள் மூலமாகவும், நானே தேடிப் படித்தும் பிறகு தெரிந்துகொண்டேன்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கெடுத்த வீரர்களிடம் இதே படபடப்பை, இதே மூச்சு முட்டலை, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லாமலே இருப்பதை ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-லேயே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய குறிப்பில் என் வீட்டுக்காரரையே பார்த்த மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு போரைப் பற்றியும் கையில் கிடைத்ததைப் படித்தேன். எல்லாவற்றிலும் இதேதான் நடந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் முதன்முதலாக நடப்பதுபோல எல்லாரும் விழித்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த மகாயுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். இப்படிப்பட்ட கற்கள் பல ஊர்களில் உண்டு. திரும்பி வந்தவர்கள் எந்த நிலையில் வந்தார்கள் என்று எந்தக் கல்லிலும் இல்லை. அந்தப் போரின் தொடக்கத்தில், 1914 நவம்பரில், கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்கா என்ற துறைமுகத்தில் 63-ஆவது பாளையங்கோட்டை காலாட்படையை இறக்கிவிட்டார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்து, வாந்தியும் மயக்கமுமாக வந்த நம் ஆட்கள். இறங்கியதும் நேராக ஜெர்மானியர்களின் இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால். படை சிதறி ஓடியது. கோழைகள் என்று எழுதி வைத்தார்கள். அந்த ஆட்கள் ஊருக்குத் திரும்பி எப்படித் தூங்கினார்கள், என்ன கனவு கண்டார்கள் என்று கேட்க அன்று யார் இருந்தார்கள்?

பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் அதே கதிதான். 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர், குண்டு வெடிப்புக்கு அருகில் இருந்த மூன்று வீரர்களுக்குப் பார்வையும் நினைவும் மங்கியதைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். மருத்துவ உலகத்துக்கு அப்போதே தெரியும். அப்படியிருந்தும் ஹாரி ஃபார் என்ற சிப்பாயை 1916 அக்டோபரில் விடியற்காலையில் சுட்டுக் கொன்றார்கள். போர் அதிர்ச்சிக்காக ஏற்கெனவே மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர் அவர். திரும்பவும் முன்னணிக்குப் போக என்னால் முடியாது என்று சொன்னதுதான் குற்றம். அவருடைய மனைவிக்கு விதவை ஓய்வூதியத்தை நிறுத்தினார்கள். அந்தப் பெண் அவமானத்தில் இதை வெளியே சொல்லாமல் மூடி வைத்தார், சொந்த மகளுக்கே நெடுங்காலம் தெரியாது. 2006-இல்தான், அந்த மகளும் குடும்பத்தாரும் போராடியதன் பலனாக, கோழைத்தனம், ஓடிப்போதல் போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது. மகளுக்கு அப்போது வயது 93. இதைப் படித்துவிட்டு அந்த மனைவியைத்தான் நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே போரில் ஒரு நல்ல பாடமும் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் தாமஸ் சால்மன், மனம் கலங்கிய வீரனைத் தூரத்து மருத்துவமனைக்கு அனுப்பாமல், முன்னணிக்குப் பக்கத்திலேயே, உடனடியாக, தேறிவிடுவாய் என்ற நம்பிக்கையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஓய்வு, சூடான சாப்பாடு, தூக்கம், கூடவே பேச ஓர் ஆள். பலர் தேறினார்கள். அடுத்த உலகப் போர் வந்தபோது இதையும் மறந்துவிட்டிருந்தார்கள். 1943 ஆகஸ்டில் சிசிலியில் ஜெனரல் பாட்டன் கள மருத்துவமனைக்குள் போய், உடம்பில் காயமில்லாமல் படுத்திருந்த இரண்டு சிப்பாய்களை வெவ்வேறு நாட்களில் அறைந்தார். அவர்களில் ஒருவருக்கு மலேரியாக் காய்ச்சல் வேறு இருந்தது. ஐசன்ஹோவர் கண்டித்து, மன்னிப்புக் கேட்க வைத்தார். அந்தப் போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் எழுதிய முடிவை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: போருக்குப் பழகிப்போதல் என்று ஒன்று கிடையாது, மொத்தம் 200 முதல் 240 நாட்கள் சண்டைக்குள் வைத்தால் எப்பேர்ப்பட்ட வீரனும் உடைந்துவிடுவான். 1946-இல் எழுதியது இது. நம் ஊரில் இன்னமும் ‘மனசு திடமாக இருந்தால் வராது’ என்கிறார்கள்.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள்தான் இதைப் பேசி வெளியே கொண்டுவந்தவர்கள். 1970 வாக்கில் நியூயார்க்கில் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து, ராபர்ட் லிஃப்டன், சைம் ஷாட்டன் போன்ற மனநல மருத்துவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கள் கதையைத் தாங்களே சொன்னார்கள். அந்தக் குரல்களால்தான் 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இந்த நோயைத் தன் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முந்தைய பட்டியலில் இதற்குத் தனி இடம் இல்லை. பிறகு அரசு எடுத்த பெரிய ஆய்வில், வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 15 சதவீதம் பேர் போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் இதோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பப் போய்க் கேட்டபோதும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இது விடவில்லை. 2001-க்குப் பிறகு அமெரிக்கா நடத்திய போர்களில் களத்தில் இறந்த வீரர்கள் ஏழாயிரம் பேர் என்றால், அந்தப் போர்களில் பணியாற்றிய தலைமுறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல் என்று பிரவுன் பல்கலைக்கழகத்தின் 2021 ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

வியட்நாம் வீரர்களைப் பற்றிப் படிக்கும்போது ஒன்று என்னைத் தொட்டது. வீடு திரும்பியபோது ஊர் எப்படி நடத்தியது என்பது நோயைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. அமைதிப்படை 1990 மார்ச்சில் திருகோணமலையிலிருந்து கடைசியாகக் கிளம்பி சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம், அந்தப் படை நம் தமிழர்களையே கொன்றது என்பது. தமிழ்நாட்டில் அதை ஏற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் வீட்டுக்காரருக்கே உள்ளுக்குள் அந்தக் குரல்தானே கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் போ என்று சொன்னவர்கள் டெல்லியில் இருந்தார்கள். போனவர்கள் எங்கள் ஊர்ப் பையன்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே இறந்தார்கள். மிச்சம் பேர் டீக்கடையில்கூட, இலங்கையில் இருந்தேன் என்று சொல்லாமல் ஒரு வாழ்க்கையை ஓட்டிவிட்டார்கள். கார்கிலுக்குப் போய்வந்தவரைப் பள்ளி விழாவுக்கு அழைத்து மாலை போடுகிறோம். நல்லதுதான். பக்கத்துத் தெருவில் இருக்கும் அமைதிப்படைக்காரரை யாரும் அழைப்பதில்லை, அவரும் வருவதில்லை.

எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கும் இதே நிலைதான். 2009-க்குப் பிறகு இலங்கையில் சுமார் 12,000 முன்னாள் போராளிகளைப் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பி விடுவித்தார்கள். அவர்களில் சிறு வயதிலேயே துப்பாக்கி ஏந்தியவர்கள் உண்டு, பெண்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் என்ற மனநல மருத்துவர் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இந்த மனக் காயங்களை ஆவணப்படுத்தத் தொடங்கியவர். சிங்களக் கிராமங்களிலும் கை கால் இழந்தும் இழக்காமலும் திரும்பிய சிப்பாய்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் ஒரு மனைவி விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பாள். நம் பழைய பாட்டு ஒன்றில், பாசறையில் படுத்த அரசனுக்குத் தூக்கம் வருவதில்லை. காயம்பட்ட யானையையும், அம்பு தைத்துச் செவி சாய்ந்து தீனி தின்னாமல் நிற்கும் குதிரையையும், தனக்காகச் செத்தவர்களையும் நினைத்துக்கொண்டு கிடக்கிறான். வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுக் கட்டில்தான் நினைவுக்கு வரும்.

ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். பட்டாளத்தில் உடல் தகுதியை ‘ஷேப்’ என்று சொல்வார்கள். ஐந்து எழுத்து, ஒவ்வொன்றும் ஒன்றைக் குறிக்கும். கேட்கும் திறன், கை கால், பொதுவான உடல்நிலை, பார்வை என்று போகும். அதில் முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். அந்த முதல் எழுத்தில் ஒரு குறி விழுந்தால் ‘லோ மெடிக்கல் கேட்டகிரி’. பதவி உயர்வு தள்ளிப்போகும், நல்ல கோர்ஸ் கிடைக்காது, கூட இருக்கும் ஆட்களே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அதனால் கனவு வருகிறது என்று யாரும் யூனிட் மருத்துவரிடம் சொல்வதில்லை. சொல்லாததால் மெடிக்கல் டாகுமெண்டில் ஏறாது. ஏறாததால், ஓய்வுபெற்ற பிறகு உடைந்து விழும்போது இது பணியால் வந்ததுதானா என்ற கேள்வி வரும். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டுப் போனவர்களிடம் ‘பணியால் வந்ததும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது. பணியில் சேரும்போது இல்லாத நோய் பணிக்காலத்தில் வந்திருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை அது பணியால் வந்தது என்றுதான் கொள்ள வேண்டும் என 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் காகிதத்தில் ஏறாத நோய்க்கு எந்தத் தீர்ப்பு உதவும்? ஊருக்கு வந்த பிறகோ, மனநல மருத்துவரிடம் போனாலே ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கேன்டீனில் மாதாமாதம் கிடைக்கும் பாட்டில்தான் கடைசியில் கைக்கு எட்டுகிற மருந்து.

இவருக்குச் சரியான மருத்துவம் அறுபதை நெருங்கும்போதுதான் கிடைத்தது. மகள் வற்புறுத்தி வேறு ஊரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் மாத்திரை கொடுத்தார், கூடவே வேறொன்றும் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு, அந்த வீட்டு வாசலில் இப்போதே நிற்பதுபோல, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொன்னார். அதைச் செல்போனில் பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொன்னார். மொட்டை மாடியில் இயர்போனை மாட்டிக்கொண்டு இவர் கேட்பார். கீழே இறங்கி வரும்போது பனியன் நனைந்திருக்கும். முதல் வாரம் நிறுத்திவிடலாம் என்றார். மருத்துவர் சொன்னார், பயம் ஏறும், ஏறிய இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றால் தானாக இறங்கும், இறங்குவதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும் என்று. அடுத்ததாகச் சிறுபாலம். ஏரிக்கரைச் சாலையில் இருக்கும் பாலத்தின் மேல் நானும் அவரும் சாயங்காலம் போய் நிற்போம். குனிந்து பார்க்கக் கூடாது, அதுதான் நிபந்தனை. என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் அழுந்தித் தழும்பாகிவிடும். ஆடு மேய்க்கிறவர்கள் எங்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். போகப் போகப் பிடி தளர்ந்தது. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீபாவளியன்று இப்போதும் கதவைச் சாத்திக்கொள்கிறார், விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதில்லை. ஆனால் தூங்குகிறார். குடி நின்றுவிட்டது. மகள் வயிற்றுப் பேத்தியைச் சைக்கிள் பழக்கக் கூட்டிப்போகிறார்.

இந்த மருத்துவம் இருபது வருடத்துக்கு முன்னாலேயே கிடைத்திருக்கலாம். எங்கள் ஊரில் இது கிடைக்காமலேயே தூக்கு மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். குடும்பத் தகராறு என்று எழுதி முடித்தார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். நவம்பர் மாதம் முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் சான்று கொடுக்க வங்கிக்கோ சேவை மையத்துக்கோ வருவார்கள். வருடத்தில் எல்லாரும் தலைகாட்டுகிற ஒரே சமயம் அது. இப்போது செல்போனிலேயே முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கலாம் என்றாலும், வயதானவர்கள் நேரில்தான் வருகிறார்கள். அந்த மாதம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒரு மேஜை போட்டு, ஒரு மனநல ஆலோசகரை உட்கார வைக்கட்டும். அமெரிக்காவில் முன்னாள் வீரர்களிடம் முதல்கட்டமாக ஐந்தே கேள்விகள் கேட்கிறார்கள். அன்று நடந்தது பற்றிக் கடந்த ஒரு மாதத்தில் கெட்ட கனவோ, வேண்டாமலே நினைவோ வந்ததா? அதை நினைக்காமல் இருக்கவும், நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கவும் கஷ்டப்பட்டீர்களா? எப்போதும் உஷாராக, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறீர்களா? மனம் மரத்துப்போய், மனிதர்களை விட்டு விலகிப் போகிறீர்களா? நடந்ததற்காக உங்களையோ மற்றவர்களையோ குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களா? இவற்றில் மூன்று, நான்குக்கு ஆமாம் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. தமிழில், சத்தம் போடாமல், தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். கூட வந்த மனைவியையும் தனியாகக் கேளுங்கள். அவர் இல்லை என்று சொல்வதற்கு அவள் ஆமாம் என்பாள்.

2003-இல் தொடங்கிய, முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தால் எங்களைப் போன்ற குடும்பங்கள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் செலவில்லாமல் பார்த்துக்கொள்கிறோம், அதற்கு நன்றி. அந்த பாலிகிளினிக்குகளில் வாரத்துக்கு ஒருநாளாவது தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம். 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்று தனிப் பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் நான் கேட்டுப் பார்த்த வீடுகளில் இது தெரிந்தவர்கள் யாரும் இல்லை. உங்கள் நாளிதழ் இந்த எண்ணைக் கொடிநாள் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டாலே பல வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

இன்னொன்றும் அவசரமாகச் சொல்ல வேண்டும். 2022-இல் கொண்டுவந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்த பையன்களில் கால்வாசிப் பேரைத்தான் நான்கு ஆண்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் 2026 இறுதி தொடங்கி ஊருக்குத் திரும்புவார்கள். கையில் ஒரு தொகை இருக்கும். ஓய்வூதியம் இல்லை, திட்டத்தின்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, ஈசிஎச்எஸ் இல்லை. வாழ்நாள் சான்று கொடுக்க வங்கிக்கு வர வேண்டிய தேவையும் இருக்காது. எல்லையில் எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று கேட்க ஓர் அலுவலகமும் அவர்களுக்கு இல்லை. என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பையன்களும் அதில் போயிருக்கிறார்கள். அவர்களை நல அலுவலகப் பதிவேட்டில் சேர்த்து, குறைந்தபட்சம் மனநல சிகிச்சையையாவது தமிழக அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஒன்றியத்தில் இப்படி ஒரு மேஜை போடுவதாக இருந்தால், வீட்டுப் பெண்களிடம் பேச நானும் வந்து உட்காரத் தயாராக இருக்கிறேன். பெயரைப் போடாததற்குக் காரணம் அவருக்காகத்தான். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன். பாட்டி சொன்ன வார்த்தையை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரரின் மனைவி,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.